ஜெயந்திக்கு, செப்டம்பர் கப்பலைப் பற்றி

அன்புள்ள ஜெயந்தி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல். சின்னவளின் பல் டாக்டர் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன், அது பெரிய புராணம்.

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து மனம் வேறு எதிலும் போகவில்லை. செப்டம்பர் இரண்டாம் வாரம், மயாமியிலிருந்து கிழக்குக் கரீபியன், மேல் தளத்தில் முன்பக்கம் பால்கனி அறை, "பாதி விலைடி!" அந்த ஊதாப் புடவை விவகாரத்துக்குப் பிறகும் பாதி விலை என்று காதில் விழுந்தால் உனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. அது ஏன் பாதி விலை என்று கப்பல்காரர்கள் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால் குழந்தை குட்டியோடு வரும் கூட்டம் குறைந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் புயல். அட்லாண்டிக் புயல் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. நீ சரியாக அந்த வாரத்தைப் பிடித்திருக்கிறாய்.

போகாதே என்று சொல்லவில்லை. போன வருஷம் இதே சீசனில் நாங்கள் போய் வந்தோமே, நீ போட்டோக்களை மட்டும்தான் பார்த்தாய். சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின் என்று டிக்கெட் எடுத்துவிட்டு, மேற்கே மெக்சிகோவின் கொசுமேல் தீவில் போய் நின்றோம். கப்பல் கிளம்பிய அன்று சாயங்காலமே கேப்டன் ஒலிபெருக்கியில் வந்து, கிழக்கே ஒரு புயல் வளர்கிறது, நாம் மேற்கே போகிறோம் என்றார். அவ்வளவுதான். நடுவில் கிராண்ட் கேமன் தீவில் இறங்குவதாக இருந்ததும் நடக்கவில்லை. அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்காது, சின்னப் படகில்தான் ஆட்களை இறக்குவார்கள். புயல் எங்கோ தொலைவில் இருந்தாலும் அது கிளப்பிவிட்ட அலை முன்னாலேயே வந்துவிடுகிறது. அந்த அலையில் படகைப் பக்கத்தில் கட்டி வயதானவர்களை இறக்க முடியாது.

கப்பல் மூழ்கிவிடுமோ என்று அம்மா கேட்டார்களாமே. அந்தப் பயம் வேண்டாம் என்று சொல். அந்தப் பக்கத்துப் புயல்கள் பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கின்றன. இன்றைய பெரிய கப்பல் 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் போகும். வானிலையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நிறுவனங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். புயல் வரும் வழியை விட்டு விலகிப் போய்விடுவார்கள். ஆட்டம் இருக்கும், அது வேறு. ஓர் இரவு நீச்சல் குளத்துத் தண்ணீர் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பைத் தாண்டி மரத்தளத்தில் கொட்டி, மறுபடி அந்தப் பக்கம் போய் மோதிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்து அதற்கு மேல் வலை கட்டினார்கள். லிப்ட் பக்கத்துக் கைப்பிடிகளில் வாந்திப் பைகளைச் செருகி வைத்தார்கள். அதைப் பார்த்ததும் இவருக்கு வயிற்றைப் பிரட்டியது. பச்சை ஆப்பிள் கொடுத்தார்கள், கொஞ்சம் கேட்டது.

ஆனால் நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

எங்கள் மேஜைக்குப் பரிமாறிய பையன் கரீபியனில் உள்ள செயின்ட் வின்சென்ட் நாட்டுக்காரன். வழி மாறிய அன்று இரவு பக்கத்து மேஜையில் ஒருவர், செயின்ட் தாமஸில் நகை வாங்கத்தான் வந்தேன், என் பணத்துக்கு யார் பொறுப்பு என்று அவனைப் பிடித்துக் கத்தினார். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். மறுநாள் காலையில் அவனோடு பேச்சுக் கொடுத்தேன். 2024 ஜூலை 1-ஆம் தேதி பெரில் புயல் அடித்தபோதும் அவன் கப்பலில்தான் வேலையில் இருந்தானாம். அவன் அம்மா வழிச் சொந்தமெல்லாம் அதே நாட்டின் யூனியன் தீவில். அந்தத் தீவில் பத்தில் ஒன்பது வீடு போய்விட்டது, ஜெயந்தி. போன் கோபுரம் இல்லை, கரண்ட் இல்லை. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் நாள் கணக்கில் காலை உணவு பரிமாறியிருக்கிறான். அதைச் சொல்லும்போதும் கை நிற்கவில்லை, ஸ்பூன்களைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தான். புயல் எந்தப் பக்கம் போகிறது என்று நாங்கள் கேட்பது எங்கள் லீவுக்காக. அவன் கேட்பது வீட்டுக்காக. நாம் இறங்க முடியாமல் போகும் துறைமுகம் யாரோ ஒருவருடைய ஊர் என்பது அதுவரை எனக்கு இப்படி உறைத்ததில்லை.

தெற்கே போனால் புயல் வராது என்று சரளாவின் கணவர் சொன்னாராம். அரூபா, குராசாவ் பக்கம் என்றால் பெரும்பாலும் சரிதான். ஆனால் கிரனடாவைப் பற்றியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2004-இல் ஐவன் புயல் வந்து அந்தத் தீவைச் சிதைத்தது. இருபது வருஷம் கழித்து பெரில் அதே நாட்டின் காரியகூ தீவில் கரையேறியது, அதுவும் ஜூலை பிறந்த அன்றே.

ஊருக்கு வந்த பிறகு நிறையப் படித்தேன். 1998 அக்டோபரில் ஃபேன்டோம் என்ற பாய்மர உல்லாசக் கப்பல் மிட்ச் புயலிடம் மாட்டிக்கொண்டது. பயணிகளை பெலீஸ் நகரத்தில் பத்திரமாக இறக்கிவிட்டு, புயலுக்கு ஒதுங்க ஹோண்டுராஸின் ரோவட்டான் தீவுப் பக்கம் போனது. மிட்ச் எதிர்பார்த்தபடி போகாமல் தெற்கே இறங்கி அங்கேயே வந்தது. கப்பலில் இருந்த 31 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. 31 பேரும் ஊழியர்கள். இன்றைக்குக் கணிப்பு எவ்வளவோ தேறியிருக்கிறது, கப்பலும் வேறு. ஆனாலும் ஒரு கேப்டன் "அந்தத் தீவுக்குப் போகவில்லை" என்று சொன்னால், அவரோடு சண்டை போடும் கூட்டத்தில் நீயும் அண்ணனும் நிற்கக் கூடாது. இது நான் கேட்டுக்கொள்வது.

சரி, இனி வேலையைப் பார்ப்போம். முதல் வேலை இன்சூரன்ஸ். ஒரு புயலுக்குப் பெயர் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு எடுக்கும் பாலிசி அந்தப் புயலுக்குச் செல்லாது. என்ன காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்று ஒரு வகை இருக்கிறது. பெரும்பாலும் கட்டியதில் 50 முதல் 75 சதவீதம்தான் திரும்ப வரும், முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுக்க வேண்டும். டிக்கெட் ஒப்பந்தத்தையும் படி. துறைமுகத்தை மாற்றினாலோ விட்டாலோ நஷ்டஈடு இல்லை என்றுதான் பெரும்பாலான நிறுவனங்கள் எழுதியிருக்கும். விட்டுப்போன துறைமுகத்தின் வரியும் கட்டணமும்தான் கைக்கு வரும்.

அந்த மேல்தள முன்பக்க அறையை மாற்றச் சொல். கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில்தான் ஆட்டம் குறைவு. அம்மாவுக்கு அங்கே சின்ன ஜன்னல் போதும்.

அம்மாவின் பிரஷர் மாத்திரையை ஏழு நாளைக்கு எண்ணி எடுக்காதே, ஒரு வாரம் கூடுதலாக எடு. மயாமிக்கே புயல் வந்தால் கோஸ்ட் கார்டு, அதாவது கடலோரக் காவல் படை, துறைமுகத்தை மூடிவிடும், கப்பல் கடலிலேயே காத்திருக்கும். திரும்பும் விமானத்தையும் இறங்கிய அன்று மத்தியானத்துக்கே வைக்காதே. போகும்போது ஒரு நாள் முன்னதாகவே மயாமி போய்விடு.

அண்ணன் நாள் முழுக்க டிவியில் அந்தக் கூம்பு வரைபடத்தைப் பார்ப்பார், தெரியும். புயலின் மையம் எங்கே போகலாம் என்பதற்குத்தான் அந்தக் கூம்பு, அதுவும் மூன்றில் இரண்டு முறைதான் உள்ளே நிற்கும். கூம்புக்கு வெளியே இருந்தால் மழையும் காற்றும் இல்லை என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் தேசியச் சூறாவளி மையத்தின் அறிக்கை அங்கத்திய கிழக்குக் கரை நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று வரும். அந்த நேரத்தில் மட்டும் பார்த்தால் போதும், நடுவில் டிவியை அணைக்கச் சொல்.

முன்பணம் கட்டிய தேதி என்ன? அதை இன்றைக்கே அனுப்பு, பாலிசி எடுக்க எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா தூங்கிய பிறகு போன் பண்ணுகிறேன், எடு. சரளாவிடம் மட்டும் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. அவள் நாளைக்கே எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் வாங்கிக் கொடுத்துவிடுவாள்.

அன்புடன்,
மாலா