தெற்கு சூடானிலிருந்து எங்கள் பிள்ளை திரும்பத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊராருக்கும் உறவினருக்கும்,

ஐ.நா. அமைதிப்படைப் பணி முடிந்து எங்கள் மகன் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டான். மாலை போட்டு வரவேற்ற எல்லோருக்கும் நன்றி. சில உதவிகளை மட்டும் விவரமாக எழுதுகிறோம், அடுத்துக் காத்திருக்கும் வீடுகளுக்குப் பயன்படும்.

வரும் தேதியை நம்பி மண்டபமோ பேனரோ சொல்லாதீர்கள் என்று தடுத்த ஓய்வுபெற்ற ஹவில்தார் அண்ணனுக்கு முதல் நன்றி. அங்கே மே முதல் அக்டோபர் வரை மழை. மண் ஓடுதளம் சேறானால் முகாமிலிருந்து தலைநகர் ஜூபா போகவே விமானம் கிடைக்காது. டெல்லியில் இறங்கினாலும் யூனிட்டில் சாமான் ஒப்படைப்பு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்துதான் லீவு.

காட்பாடியில் ரயில் சில நிமிடம்தான் நிற்கும். கோச் நம்பரை முன்பே கேட்டு, அது நிற்குமிடத்தில் காத்திருந்து இரும்பு டிரங்குப் பெட்டியை இறக்கிய தம்பிகளுக்கும், வெடி வேண்டாம், மேளம் போதும் என்று நாங்கள் கேட்டதும் மனதார ஒப்புக்கொண்ட இளைஞர் மன்றத்துக்கும் நன்றி. ஆரத்தி கரைத்த எதிர்வீட்டு அத்தைக்கும்தான்: ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீருக்குச் சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பு, அதற்கு மேல் போட்டால் நிறம் கறுத்துவிடும்.

எங்கள் பெரிய கடன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் செவிலியருக்கும். மலேரியா தடுப்பு மாத்திரையை ஊர் வந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வாரம் ஒருமுறை போடும் மெஃப்ளோகுயின் ஆனாலும் தினசரி டாக்சிசைக்ளின் ஆனாலும் அங்கிருந்து கிளம்பிய பிறகு 4 வாரம் தொடர வேண்டும். கல்லீரலில் பதுங்கிய கிருமி ரத்தத்துக்கு வரும்போதுதான் அந்த மாத்திரைகள் அதைக் கொல்லும். ஊர் வந்து 3 மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் 'வைரல்' என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. அங்கே அதிகம் பரவுவது ஃபால்சிபாரம் என்ற கடுமையான மலேரியா வகை, ஒன்றிரண்டு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேரம் விட்டு மறுபடி, மொத்தம் 3 முறை பார்க்க வேண்டும்.

எந்த நாட்டிலிருந்து, எந்தத் தேதியில் வந்தார், என்ன மாத்திரை எடுக்கிறார் என்று மருத்துவர் ஒரு சீட்டு எழுதி பர்சில் வைக்கச் சொன்னார். அதன் மாதிரி எங்களிடம் இருக்கிறது. பிள்ளையை அங்கே அனுப்பியிருக்கும் வீட்டார் எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
குடும்பத்தார்,
வேலூர் மாவட்டம்