61 பெனால்டி கார்னர், 5 கோல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் கல்லூரி ஹாக்கி அணியைப் பற்றிக் கோவில்பட்டி வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் கடந்த வாரம் தங்கள் நாளிதழில் வந்திருந்தது. ஒரு நாள் பெரிய அணியை வெல்கிறார்கள், மறுநாள் ஆறு கோல் வாங்கித் தோற்கிறார்கள், இந்தப் பையன்களுக்கு மெத்தனம் வந்துவிட்டது என்பது அவர் சொல்வதன் சாரம். ஊர் அணி தோற்றால் வலிக்கத்தான் செய்யும். வலித்ததால்தான் அவர் எழுதியிருக்கிறார். எனக்கும் வலித்தது. ஆனால் மெத்தனம் என்ற அந்தச் சொல்லை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பருவத்தில் அந்த அணி 17 ஆட்டங்கள் ஆடியது. அவற்றில் 15 ஆட்டங்களை நேரில் பார்த்தேன். மற்ற இரண்டின் விவரத்தை ஆடிய பிள்ளைகளிடமே கேட்டுக் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பேடு இதோ மேசை மேல் இருக்கிறது. 9 வெற்றி, 2 டிரா, 6 தோல்வி. மொத்தக் கணக்கைப் பார்த்தால் சுமாரான அணி என்று தோன்றும். எந்த மாதத்தில், எந்தத் தரையில், எத்தனை பேரோடு ஆடினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

என்னைப் பற்றி ஒரு வரி. பஞ்சாலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆலை அணியில் லெஃப்ட் ஹாஃப் ஆடியிருக்கிறேன். எங்கள் ஊரில் இது பெரிய தகுதி ஒன்றுமில்லை. தெருவுக்கு நான்கு பேர் மட்டை பிடித்தவர்கள். தீப்பெட்டி வேலை நடக்கும் வீட்டிலும், கடலை மிட்டாய் போடும் வீட்டிலும் பரணில் ஒரு பழைய மட்டை கிடக்கும். இந்த ஊர் விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் அடித்த மாலையில் எங்கள் தெருவே டிவி முன்னால் இருந்தது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு கல்லூரி அணியைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் விவரமாகப் பேசுவது நம் கடமை என்று நினைக்கிறேன்.

ஜூலை கடைசியில் பருவம் தொடங்கியது. முதல் ஏழு ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஆறு வெற்றி, ஒரு டிரா. ஏழும் மண் தரையில் நடந்தவை. ஆடி, ஆவணியில் எங்கள் ஊர்த் தரை காய்ந்து இறுகிக் கிடக்கும். அந்தத் தரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பந்து எங்கே எகிறும், எங்கே சாகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ரைட் அவுட் ஆடும் 7ஆம் எண் பையன் கோட்டை ஒட்டி ஓடி, தலை நிமிராமலே உள்ளே தள்ளும் பந்து நேராக வந்து சேரும். அந்த ஒரு வழியிலேயே ஆகஸ்டில் எட்டு கோல் வந்தது.

பிறகு ஐப்பசி மழை. கரிசல் பூமியில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். கல்லூரி மைதானத்தில் மேலே செம்மண் கொட்டிச் சமன் செய்திருக்கிறார்கள் என்றாலும் அடியில் இருப்பது கரிசல்தான். ஒரு மழைக்கு ஊறி, ஒரு வெயிலுக்கு வெடித்து, மேடும் பள்ளமுமாகிவிடும். மூன்று வாரம் பயிற்சியே நடக்கவில்லை. பிள்ளைகள் கட்டட வராந்தாவில் குனிந்து நிமிர்ந்து உடற்பயிற்சி செய்ததைப் பார்த்தேன். அந்த மூன்று வாரம் முடிந்த கையோடு வெளியூரில் செயற்கை இழை மைதானத்தில் ஆட்டங்கள். அதற்குப் பிறகு ஆடிய பத்து ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றார்கள். ஆறு தோல்விகளும் இந்தப் பத்தில் வந்தவைதான்.

வாசகர் குறிப்பிட்ட அந்த 6-1 ஆட்டத்துக்கு வருகிறேன். நவம்பரில் வெளி மாவட்டத்தில் நடந்த ஆட்டம். முதல் நாள் ஓர் அலுவலக அணியை 3-2 என்று வென்றார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிற, வயதில் மூத்த ஆட்டக்காரர்களைக் கல்லூரிப் பையன்கள் வென்றது அது. அன்று பெஞ்சில் ஐந்து பேர் இருந்தார்கள். மாற்றி மாற்றி இறக்கினார்கள். அன்று இரவே நான்கு பேர் பஸ் ஏறி ஊர் திரும்பினார்கள். மறுநாள் காலை அவர்களுக்குப் பருவத் தேர்வு. மிச்சம் இருந்தது பன்னிரண்டு பேர். அதாவது கோல் கீப்பரோடு பதினொரு பேர் களத்தில், ஒரே ஒருவன் வெளியில்.

என் குறிப்பேட்டில் அந்த ஆட்டத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: முதல் கால் பகுதி 0-0, இரண்டாவது முடிவில் 1-1, மூன்றாவது முடிவிலும் 1-1. கடைசி 15 நிமிடத்தில் ஐந்து கோல். மூன்று கால் பகுதி வரை சரிக்குச் சரி நின்ற பிள்ளைகள், நான்காவதில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். சென்டர் ஹாஃப் ஆடுகிறவன் இரண்டு காலிலும் பிடிப்பு ஏற்பட்டுக் கோட்டோரம் வந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பதிலாக இறங்க வேண்டிய ஒரே பையன் ஏற்கெனவே வேறொருவனுக்காக உள்ளே இருந்தான். ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு அவனே மறுபடி எழுந்து போனான். மறுநாள் செய்தித்தாளில் வந்தது ஒரே வரி: 6-1 என்ற கோல் கணக்கில் வென்றது. அந்த வரியைப் படித்தவருக்கு மெத்தனம் என்று தோன்றியிருக்கலாம். அந்தப் பையன் எழுந்து போனதைப் பார்த்தவனுக்கு அப்படித் தோன்றாது.

நான் ஆடிய காலத்தில் 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி. இறங்கிய பதினொரு பேர்தான் பெரும்பாலும் முடித்துவிட்டு வருவோம். இன்றைய ஆட்டம் அப்படி அல்ல. 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். அதனால் வேகம் கூடிவிட்டது. ஐந்து நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடு, வெளியே வா, மூச்சு வாங்கு, மறுபடி போ என்பதுதான் இன்றைய கணக்கு. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது மலேசியா 3-1 என்று முன்னால் இருந்தது. மூன்றாவது பகுதி முடியும் தறுவாயில் ஒரே நிமிடத்தில் இரண்டு கோல் அடித்துச் சமன் செய்த இந்திய அணி, 56ஆவது நிமிடத்தில் நான்காவது கோலை அடித்து வென்றது. கடைசிப் பகுதியில் காலில் வலு மிச்சம் இருந்தால்தான் அது நடக்கும். எங்கள் அணி இந்தப் பருவத்தில் வாங்கிய 24 கோல்களில் 13 கோல்கள் கடைசிப் பகுதியில் வாங்கியவை. நல்ல நாளில்கூட எங்கள் பயிற்சியாளர் பெஞ்சில் இருப்பவர்களைத் தயங்கித் தயங்கித்தான் இறக்குகிறார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பெனால்டி கார்னர் விஷயம்தான் என் மனத்தை அதிகம் அறுக்கிறது. இந்தப் பருவத்தில் எங்களுக்குக் கிடைத்தவை 61. கோல் ஆனவை 5.

ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எதிரணியில் கோல் கீப்பரோடு ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். கோல் கோட்டிலிருந்து ஒருவன் பந்தைத் தள்ளுகிறான். கோலுக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் வட்டத்தின் நுனியில் குனிந்து நிற்கும் ஸ்டாப்பர் அதை நிறுத்துகிறான். மூன்றாமவன் கோலை நோக்கி அனுப்புகிறான். இதில் ஒரு விதி இருக்கிறது. முதல் முயற்சியை மட்டையால் ஓங்கி அடித்தால், பந்து கோலின் அடியில் இருக்கும் 46 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகைக்கு மேலே போகக் கூடாது. அதையே டிராக் ஃபிளிக்காக இழுத்து வீசினால் கோலின் மேல் மூலை வரைக்கும் அனுப்பலாம். இன்றைக்கு ஹாக்கியில் ஜெயிக்கிற அணிகளிடம் இந்த வீச்சு இருக்கிறது.

மண் தரையில் டிராக் ஃபிளிக் பழக முடியாது. பந்தை மட்டையோடு ஒட்டித் தரையில் இழுத்துக்கொண்டே வர வேண்டும். சரளையில் இழுத்தால் மட்டையின் அடி தேய்ந்துபோகும். நல்ல மட்டை ஒன்று பல ஆயிரம் ரூபாய். தீப்பெட்டி ஆலைக் கூலியில் படிக்கிற பையன் அதை எப்படி இழுப்பான்? ஆகவே எங்கள் பிள்ளைகள் அடிக்க மட்டுமே பழகியிருக்கிறார்கள். அடித்தால் பந்து தாழ்வாகத்தான் வரும் என்பது எதிரணி கீப்பருக்குத் தெரியும். காலைச் சேர்த்துக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான். அதையும் தாண்டி, அடிப்பதற்கு முன் பந்து நிற்க வேண்டுமே!

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு மாலை நான் பார்த்ததை எழுதுகிறேன். அணியின் ஸ்டாப்பர் 4ஆம் எண் பையன், இறுதியாண்டு மாணவன். பயிற்சி தொடங்கும் முன் வட்டத்தின் நுனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைக் கையால் தடவிக்கொண்டிருந்தான். ஏதோ தொலைத்துவிட்டான் என்று நினைத்து அருகில் போனேன். கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். சுண்டு விரல் நக அளவுச் சரளை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு உள்ளங்கையால் மண்ணைத் தேய்த்து மெத்தென்று ஆக்கினான். "ஒரு கல் இருந்தாலும் பந்து மட்டை மேல ஏறிடும் ஐயா" என்றான். அன்று பத்துப் பந்து வந்தது. ஆறைத்தான் நிறுத்த முடிந்தது. மூன்று பந்து எகிறி அவன் மட்டையைத் தாண்டிப் போனது. ஒன்று முழங்கைக்குக் கீழே பட்டது. தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி குனிந்தான்.

அதே பையன் செயற்கை இழையில் என்ன செய்தான் என்பதையும் எழுதுகிறேன். பொங்கலுக்கு முன் பத்து நாள் எங்கள் ஊர்க் கிருஷ்ணா நகர் செயற்கை இழை மைதானத்தில் இவர்களுக்குக் காலை நேரம் கிடைத்தது. முதல் மூன்று நாள் பந்து வரும் வேகத்துக்கு அவன் மட்டை ஈடு கொடுக்கவில்லை. நான்காம் நாளிலிருந்து பந்து ஒட்டிக்கொண்டது போல நின்றது. அதற்குப் பிறகு நடந்த இரண்டு ஆட்டங்களில் மூன்று கார்னர் கோல்கள். பருவம் முழுக்க அடித்த ஐந்தில் மூன்று அந்த ஒரு வாரத்தில் வந்தவை. இரண்டு ஆட்டத்திலும் வென்றார்கள். பத்து நாள் காலைப் பயிற்சி இத்தனை மாற்றத்தைக் கொடுக்குமென்றால், ஜூன் மாதத்திலிருந்தே கொடுத்திருந்தால் இந்தப் பருவம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், தூக்கம் வரவில்லை.

ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, டிசம்பரில் ஒரு நாள் மதுரைக்குப் போயிருந்தேன். 24 நாட்டுப் பிள்ளைகள் ஆடிய போட்டி. எங்கள் பையன்களின் வயதுதான் அவர்களுக்கும். ஆட்டம் தொடங்கும் முன் ஓரத்தில் பழகிக்கொண்டிருந்த மூவரையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளுகிறான், நிறுத்துகிறான், வீசுகிறான். நனைந்த இழையில் பந்து கோடு போட்டது போல வந்தது. அந்த ஸ்டாப்பர் ஒரு முறைகூடத் தரையைப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் பக்கம் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. 10ஆம் எண் பையன் கை நிறைய வித்தை உள்ளவன். ஆனால் மூன்று பேரைத் தாண்டிய பிறகும் நான்காமவனைத் தாண்டப் பார்க்கிறான், பந்தை விடுவதில்லை. அரையிறுதியில் நடுவரிடம் வாக்குவாதம் செய்து மஞ்சள் அட்டை வாங்கினான். ஐந்து நிமிடம் பத்துப் பேரோடு ஆடியபோது இரண்டு கோல் விழுந்தது. 2-1 என்று அந்த ஆட்டம் போனது. அதற்கு மைதானத்தையும் குறை சொல்ல முடியாது, தேர்வையும் குறை சொல்ல முடியாது. ஆட்டம் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

கல்லூரி நிர்வாகத்துக்குத் தங்கள் வாயிலாக நான் வைக்கும் வேண்டுகோள் பெரிய செலவு பிடிப்பது அல்ல. ஜூன் மாதத்திலிருந்தே, வாரத்துக்கு இரண்டு நாளாவது காலையில் பிள்ளைகளைச் செயற்கை இழை மைதானத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் நேரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முன்கூட்டியே போய்க் கேட்டால் ஒரு மணி நேரம் கிடைக்காமல் போகாது. டிராக் ஃபிளிக் பழக இரண்டு நல்ல மட்டை அணியின் பெயரில் வாங்கி வையுங்கள். போட்டி நாளும் தேர்வு நாளும் மோதும்போது, எந்த நான்கு பேர் ஊர் திரும்ப வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே கணக்கிட்டு வேறு நான்கு பேரைத் தயார் செய்து அழைத்துப் போங்கள். முதலாண்டில் ஆர்வமுள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரி ஹாக்கிக்கு ஒரு வரி இடம்தான் தர முடியும் என்றால் அதில் இடைவேளைக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். 1-1 என்று இருந்தது 6-1 ஆனது என்று படித்தால், நடுவில் என்ன நடந்தது என்று யாராவது ஒருவர் கேட்பார்.

அந்த வாசகர் என் மீது வருத்தப்பட வேண்டாம். அடுத்த பருவத்துக்கான பயிற்சி கோடை விடுமுறை முடிந்ததும் தொடங்கும். ஒரு மாலை மைதானத்துக்கு வாருங்கள் ஐயா. ஐந்து மணிக்கு மேல் மேற்கு ஓர வேப்பமரத்தடியில் இருப்பேன். குறிப்பேட்டையும் கொண்டு வருகிறேன், சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி,
கோவில்பட்டி