மலருக்கு, வான்கோழி சீசன் தொடங்கும் முன்

அன்புள்ள மலர்,

இந்த ஏப்ரலில் டென்னசியில் இருக்கும் செரோக்கி தேசிய வனத்துக்கு வான்கோழி வேட்டைக்குத் தனியாகப் போகப்போவதாகச் சொன்னாய். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. இங்கே மிசூரியில் என்னோடு வந்தவரை, எந்த இடத்துக்குப் போவது, வழியில் எதிர்ப்படும் ஆளிடம் என்ன பேசுவது என்பதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். நீ பறவையை மட்டும் கவனித்தால் போதும் என்று இருந்தது. இனி மனிதர்களையும் நீயேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டை வான்கோழியின் குரலில் சேவலை அழைக்கும் வித்தை உனக்கு என்னைவிட நன்றாகவே வருகிறது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. யாரும் வந்து வேட்டையாடக்கூடிய பொது நிலத்தில் மற்ற வேட்டைக்காரர்களோடு எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மான் வேட்டையில் இவ்வளவு உரசல் வருவதில்லை. துப்பாக்கி சீசனில் மானுக்குப் போகிறவர் பெரும்பாலும் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பார், ஆரஞ்சு உடுப்பில் இருப்பார், தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். வான்கோழிக்குப் போகிறவர் முகத்தைக்கூட மூடிக்கொண்டு மரத்தோடு மரமாக உட்கார்ந்திருக்கிறார். போதாததற்கு வான்கோழியைப் போலவே குரல் கொடுக்கிறார். விடியும் முன்பே சேவல் தான் அடைந்த மரத்திலிருந்து கத்தத் தொடங்கும். காற்றில்லாத காலையில் அது ஒரு மைல் தள்ளியும் கேட்கும். அந்தச் சுற்றளவில் இருக்கிற எல்லோருக்கும் கேட்பது அதே ஒரு சேவல்தான், எல்லோர் காலும் அந்தப் பக்கமே திரும்புகிறது. இயல்பாகப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். நாம் அதைத் தலைகீழாக்கி, சேவலை நம்மைத் தேடி வரவைக்கப் பார்க்கிறோம். அதற்கு நேரம் பிடிக்கும். ஒருவர் ஒரு மணி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு வரவழைத்த சேவலை, இன்னொருவர் தெரியாமல் குறுக்கே நடந்து ஒரே நிமிஷத்தில் கலைத்துவிட முடியும். தகராறு எல்லாம் இங்கேதான் முளைக்கிறது.

உன் பக்கத்தில் நெருக்கடி இன்னும் கூடியிருக்கும். வான்கோழி எண்ணிக்கை பற்றிய கவலையில் 2023-லிருந்து டென்னசி சீசனின் தொடக்கத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்தது, ஒருவர் எடுக்கக்கூடிய பறவைகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் காத்திருந்தவர்கள் எல்லோரும் சீசன் திறக்கும் முதல் சனிக்கிழமையே கிளம்பி வருவார்கள். செரோக்கி வனம் சுமார் 6.5 லட்சம் ஏக்கர். ஆளுக்கொரு மலையே கிடைக்கும்போல் தோன்றும். எல்லோர் போனிலும் அதே வரைபடச் செயலி, அதே வழி, காட்டுப் பாதையை மறிக்கும் அதே இரும்பு கேட். அதனால் கூட்டம் ஒரு சில இடங்களிலேயே சேர்கிறது.

கேட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி நின்றால் அந்த இடம் போயிற்று என்று வைத்துக்கொள். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போட்ட சீட் மாதிரிதான். சட்டத்தில் இல்லை, ஆனாலும் எல்லோரும் மதிக்கிறார்கள், மதிக்காதவர்மேல் எல்லோருக்கும் கோபம் வருகிறது. உள்ளே நிறைய இடம் இருக்கிறதே என்று உனக்குத் தோன்றும். அவர் எந்தப் பக்கம் போனார் என்று உனக்குத் தெரியாது, இருட்டில் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதனால் முந்தின இரவே இரண்டாவது இடம், மூன்றாவது இடம் எல்லாம் முடிவு செய்துகொண்டு கிளம்பு. இருவரும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினால், விளக்கைப் போட்டுக்கொண்டு போய் நீயே முதலில் பேசு. "நான் ஓடைக்கு இந்தப் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன், நீங்கள் எப்படி?" என்று கேள். பெரும்பாலானவர்கள் அந்த ஒரு கேள்வியிலேயே இளகிவிடுவார்கள். சொன்ன பக்கத்துக்கே போ. சொல்லிவிட்டு வேறு பக்கம் சுற்றிப் போகிறவர்கள் உண்டு, அதைவிடக் கேவலமான வேலை இந்தக் காட்டில் இல்லை.

முந்தின நாள் மாலையே போய் சேவல் எந்த மரத்தில் அடைகிறது என்று பார்த்து வைத்திருப்பாய். மறுநாள் நீ போகும்போது வேறொருவர் அந்த மரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தால்? என் அபிப்பிராயத்தில் உனக்கு எந்த உரிமையும் இல்லை. பார்த்து வைத்தது உன் உழைப்புதான், ஆனால் அவருக்கு அது தெரியாது. ஒளிந்து உட்காரும் கூடாரத்தை முதல் நாளே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுபவர்கள் விஷயமும் இதுதான். துணி நின்றால் இடம் சொந்தமாகிவிடாது. அதற்காக யாருடைய கூடாரத்தையும் நீ தொடாதே, மரத்தில் கட்டி வைத்த கேமராவையும் தொடாதே.

நடந்துகொண்டிருக்கும்போது முன்னால் பெட்டைக் குரல் கேட்டால், அது மனிதர் என்றே முதலில் நினை. சேவல் கத்தக் கத்த உடனுக்குடன் பதில் சொல்லும் பெட்டை, இருந்த இடத்திலிருந்து நகராமல் ஒரே தாளத்தில் கத்தும் பெட்டை, பெரும்பாலும் தொப்பி போட்ட பெட்டைதான். அவருக்கும் சேவலுக்கும் நடுவில் போகாதே. சேவலுக்குப் பின்பக்கம் சுற்றிப் போய் உட்கார்ந்து உன் பக்கம் இழுப்பதும் அதே திருட்டுதான். வந்த வழியே திரும்பிவிடு. எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்று கேட்டால், அவர் அழைப்பது உன் காதில் விழாத தூரம் என்பேன்.

இதையெல்லாம் வெறும் மரியாதை என்று நினைத்துவிடாதே, உயிர் காக்கும் விஷயமும் இதுதான். வான்கோழிக் குரல் கேட்ட இடத்தை நோக்கிப் பதுங்கிப் போவது மிகவும் ஆபத்து. பென்சில்வேனியாவில் வசந்த சீசனில் அழைத்துத்தான் வேட்டையாடலாம், பதுங்கிப் போவதே சட்டவிரோதம். சேவலின் வால் இறகை விசிறி மாதிரி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போகும் முறை ஒன்று இருக்கிறதே, உங்கள் டென்னசியிலேயே வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளில் அதைத் தடை செய்திருக்கிறார்கள். தடை இல்லாத ஊரிலும் நீ அதைச் செய்யக்கூடாது. பொது நிலத்தில் ஒருவர் தன்னையே வான்கோழியாகக் காட்டிக்கொள்வதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

சிவப்பு, வெள்ளை, நீலம், இந்த மூன்றும் உன் உடம்பில் எங்கேயும் தெரியக்கூடாது. சாக்ஸ், கைக்குட்டை, உள்பனியன் கழுத்து எல்லாவற்றையும் பார். சேவலின் தலையில் இருக்கும் நிறங்கள் அவை. உன் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்துச் சாய்ந்து உட்கார். யாராவது உன்னை நோக்கி வருவது தெரிந்தால் கையை ஆட்டாதே, எழுந்திருக்காதே, பறவைக் குரல் கொடுக்கவே கொடுக்காதே. மனிதக் குரலில், சத்தமாக, "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல். சேவல் கலைந்துவிடுமே என்று ஒரு நொடிகூட யோசிக்காதே. நடக்கும்போதும், சுட்ட பறவையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போதும் ஆரஞ்சு துணி வெளியே தெரிய வேண்டும். சுடும் முன் சேவலின் நெஞ்சில் மயிர்க்கற்றைபோல் தொங்கும் தாடியைத் தெளிவாகப் பார், பின்னால் என்ன இருக்கிறது என்று பார், அதுவரை துப்பாக்கியின் பூட்டான சேஃப்டியில் விரலை வைக்காதே. இது உனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

சரி, நீ எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் இன்னொருவர் வந்து கெடுப்பார். அதற்கு என்ன செய்வது? இங்கே மிசூரியில், மார்க் ட்வைன் தேசிய வனத்தில் எனக்கு நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. சேவல் மரத்திலிருந்து இறங்கி, இறகை விரித்துக்கொண்டு என்னை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தது. எனக்கு இடப்பக்கத்திலிருந்து ஒருவர் நடந்து வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று சுட்டார். குறி தப்பிவிட்டது. நான் குரல் கொடுத்ததும் அவர் திடுக்கிட்டார், அப்புறம் அந்தத் திடுக்கிடல் கோபமாக மாறியது. இது தன் இடம், தன் தாத்தா காலத்திலிருந்து இங்கே வருகிறோம், நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்கு இரண்டு அர்த்தம் இருந்தது எனக்கும் புரிந்தது. நான் முதலில் என் துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டேன், அவர் பார்க்கும்படியாக. அப்புறம், "பறவை போய்விட்டது, நானும் போகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, ஊருக்கு வந்ததும் வனவிலங்கு அதிகாரிக்குப் போன் செய்தேன். அன்று பேசியிருக்க வேண்டியதைப் பேசவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றுவரை இல்லை.

2004 நவம்பரில் விஸ்கான்சினில் நடந்தது உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது சின்னக் குழந்தை. தனியார் நிலத்தில் இருந்த ஒரு மான் பரண்மேல் வேறொருவர் உட்கார்ந்திருந்ததில் வாய்த்தகராறு தொடங்கி, 6 வேட்டைக்காரர்கள் இறந்தார்கள். சுட்டவர் ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய மோங் இனத்தவர். தன்மேல் இன வசை வீசினார்கள் என்று அவர் சொன்னார். நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. யார் முதலில் என்ன சொன்னார் என்பதை நான் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். யார் சொல்லியிருந்தாலும், ஆளுக்கு ஆள் துப்பாக்கி இருக்கும் இடத்தில் வார்த்தை வளர்ந்தது. நீ பெண், தனியாகப் போகிறாய், உன் நிறம் வேறு, வண்டியில் இன்னும் மிசூரி நம்பர் பிளேட். வெளியூர்க்காரர்மேல் உள்ளூர்க்காரருக்கு எரிச்சல் இருப்பது உண்மைதான். மிசிசிப்பியில் சீசன் தொடக்கத்தில் வெளிமாநிலத்தவர் பொது நிலத்துக்கு வர வேண்டுமானால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும் என்றே விதி வைத்துவிட்டார்கள். உன் பக்கம் முழு நியாயம் இருந்தாலும் நீதான் முதலில் விலக வேண்டும். இது அநியாயம் என்று நீ சொல்வாய். ஆமாம், அநியாயம்தான். இருந்தாலும் இதைத்தான் கேட்கிறேன்.

வேண்டுமென்றே ஒருவரின் வேட்டையைக் கெடுப்பது 50 மாநிலங்களிலும் குற்றம். ஒருவர் ஹாரன் அடிக்கிறார், பின்னாலேயே வந்து சத்தம் போடுகிறார், டயரைக் குத்துகிறார் என்றால் அது அந்தச் சட்டத்துக்கோ போலீஸுக்கோ உரிய விஷயம். தெரியாமல் குறுக்கே வந்தவர் குற்றவாளி இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. டென்னசி வனவிலங்குத் துறையின் எண்ணைப் போனில் போட்டு வை. அவர்களிடம் சொல்வது கோள் சொல்வது ஆகாது.

எதிரே வருபவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், அந்தப் பறவையில் அவருக்கும் பங்கு உண்டு என்பதையும் நினைத்துக்கொள். மிசூரியில் 1937-இல் வான்கோழி வேட்டையையே நிறுத்தும் அளவுக்கு அது அழிந்துபோயிருந்தது. மிச்சமிருந்தவற்றை வலையில் பிடித்துக் காடு காடாகக் கொண்டுபோய் விட்டு, 1960-இல்தான் மறுபடி சீசன் திறந்தார்கள். அதே 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வனவிலங்கு மீட்புக்குப் போகிறது. அவரும் கட்டுகிறார், அவர் தாத்தாவும் கட்டியிருப்பார். நீயும் கட்டுகிறாய்.

ஆரஞ்சு உடுப்பு ஒன்றும் பெரிய ஆரஞ்சுப் பை ஒன்றும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், இந்த வாரம் வந்துவிடும். பை பறவையைப் போட்டுத் தூக்குவதற்கு, தலை வெளியே தெரியாதபடி கட்டிக்கொள். எந்த கேட்டில் வண்டியை நிறுத்துவாய், எத்தனை மணிக்குள் வெளியே வருவாய் என்று முந்தின இரவே அம்மாவுக்கு மெசேஜ் போட்டுவிடு. அந்த மலைக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. இடம் மாறினால், உள்ளே நடக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா