அந்த மலைமண்ணைச் செத்த மண் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மலைக்காடுகள் சிறப்புப் பகுதியில், செர்பென்டைன் பாறைச் சரிவுகளைப் பற்றிய கட்டுரையில், "இது செத்த மண். வெளியிலிருந்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து நிரப்பி மரம் நட்டால்தான் இந்த மலை பிழைக்கும்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. போதாததற்கு அதையே பெரிய எழுத்தில் பக்கத்தின் நடுவிலும் போட்டிருக்கிறீர்கள். மண் அளவைப் பணியில் வாழ்நாளைக் கழித்தவன் நான். இத்தகைய மலைகளில் மண்குழி வெட்டி, அடுக்கு அடுக்காக நிறமும் ஆழமும் குறித்து, மாதிரிகளைச் சுமந்து இறங்கியவன். அந்த வரியைப் படித்தபின் இதழின் மீதிப் பக்கங்களைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

அந்த மண் ஏன் அப்படி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கடலடித் தரைக்கும் கீழே, புவியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள மூடகம் என்ற அடுக்கில் பிறந்த பெரிடோடைட் போன்ற பாறைகளில் நீர் புகுந்து வினைபுரிந்து உண்டாவது செர்பென்டைன். அதில் மக்னீசியமும் இரும்பும் ஏராளம். கால்சியமும் சாம்பல் சத்தும் மணிச்சத்தும் மிகச் சொற்பம். அலுமினியமும் குறைவு என்பதால் வழக்கமான களிமண் உருவாகவும் போதிய சரக்கு கிடையாது. பாறை சிதையும்போது மக்னீசியமும் சிலிக்காவும் நீரில் கரைந்து ஓடிவிடுகின்றன. எஞ்சுவது கொஞ்சம் இரும்பு ஆக்சைடு, கொஞ்சம் களி, நிறையக் கல். அதனால்தான் செங்குத்துச் சரிவுகளில் மண் ஒரு சாணுக்குக்கூடத் தேறுவதில்லை, பெய்த மழையும் நிற்பதில்லை. இதில் எது சாவு? ஒரு பாறை தன்னிடம் இருந்ததைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டுரையாளர் ஒரே ஒரு முறை மண்குழிக்குள் இறங்கிப் பார்த்திருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டார். சாதாரண வளமான மண்ணில் வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய கால்சியம், மக்னீசியத்தைவிடப் பல மடங்கு இருக்கும். செர்பென்டைன் மண்ணில் இது தலைகீழ். கால்சியம் மக்னீசியத்தின் அளவைத் தொடுவதே இல்லை. ஆனால் அடிமண்ணையும் மேல்மண்ணையும் தனித்தனியாகச் சோதித்தால் ஒன்று புலப்படும். அடிமண்ணில் மிக மோசமாக இருக்கும் இந்த விகிதம், இலைச்சருகுக்குக் கீழே உள்ள மேல்மண்ணில் தெளிவாக மேம்பட்டிருக்கும். மரங்கள் ஆழத்திலிருந்து கால்சியத்தைத் துளித்துளியாக உறிஞ்சி, இலையில் சேர்த்து, சருகாக உதிர்த்து, மேலே குவித்துவைத்த சேமிப்பு அது. அந்தக் காடு தன் மண்ணைத் தானே செய்துகொள்கிறது. அந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு வெளிமண் நிரப்பச் சொல்வதைவிடப் பெரிய தீங்கை அந்த மலைக்கு ஒருவர் செய்ய முடியாது.

நிரப்பியதன் பலனை நான் கண்ணால் பார்த்தவன். ஒரு சரிவில் குழி வெட்டி, நாற்றங்கால் மண் போட்டு, கன்றுகள் நட்டார்கள். செய்தவர்களின் பெயர் இங்கே வேண்டாம். முதலில் எல்லாம் பச்சென்று எழுந்தன. பாராட்டு விழாவும் நடந்தது. வேர் குழியின் மண்ணைத் தாண்டி மலையின் மண்ணைத் தொட்டதும் இலைகள் வெளுத்தன, நுனிகள் கருகின, வளர்ச்சி நின்றது. தண்ணீர் போதவில்லை என்று முடிவுகட்டிக் குழாய் போட்டார்கள். அதே சரிவில், நடுவதற்காக இடத்தைத் துப்புரவு செய்தபோது வெட்டிய ஒரு சொந்த மரம் மணிக்கட்டுப் பருமன்தான் இருந்தது. அதன் அடிமரத்தில் நூறு ஆண்டுகளைத் தாண்டிய வளையங்கள் நெருங்கிக் கிடந்தன. அந்த மரத்துக்காக இன்றும் என் மனம் வேகிறது.

இந்தப் பத்திரிகையிடம் எனக்கு வருத்தம் இது முதல் தடவையும் அல்ல. முன்பு ஒரு கேள்வி-பதில் பகுதியில், இதே வகை மண்ணுக்கு டோலமைட் தூள் போடும்படி அறிவுரை தந்தீர்கள். டோலமைட்டில் கால்சியத்தோடு மக்னீசியமும் இருக்கிறது என்பது பள்ளிப் பாடம். மக்னீசியத்தால் திணறும் மண்ணில் மேலும் மக்னீசியமா? கால்சியம் சேர்ப்பதுதான் நோக்கமென்றால் ஜிப்சம் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் தோட்டத்துக்குத்தான், காட்டுக்கு எதுவுமே தேவையில்லை. அன்றே கடிதம் எழுதினேன். விகிதங்களையும் விளக்கத்தையும் நீக்கிவிட்டு, "கட்டுரை அருமை" என்று நான் மரியாதைக்கு எழுதிய முதல் வாக்கியத்தை மட்டும் வெளியிட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை, ஐயா.

மண் பரிசோதனை அறிக்கைகளும் இதே கதைதான். ஒரு நிலையத்தில் இத்தகைய மலைமண்ணைக் கொடுத்தேன். அமில-கார நிலை நடுநிலைக்கு அருகில் இருந்ததைப் பார்த்து "நல்ல மண்" என்று முத்திரை குத்தித் தந்தார்கள். இந்த மண் பல இடங்களில் நடுநிலையை ஒட்டித்தான் இருக்கும். மழை மிகுந்த வெப்பமண்டல மலைகளில் நீண்ட காலம் அரிக்கப்பட்டால்தான் சிவந்து, அமிலத்தன்மைக்குப் போகும். அந்த ஓர் எண்ணை வைத்து என்ன தெரியும்? கால்சியம்-மக்னீசிய விகிதத்தையும் நிக்கலையும் பார்க்காத அறிக்கை இந்த மண்ணைப் பற்றி எதையும் சொல்லாத அறிக்கை. உங்கள் கட்டுரையிலோ குறை மறுபக்கம். மொத்தக் குரோமியத்தின் அளவைக் கட்டம் கட்டி, நஞ்சு என்று அச்சுறுத்தியிருக்கிறீர்கள். அந்தக் குரோமியத்தில் பெரும்பகுதி குரோமைட் என்ற கனிமத்துக்குள் பூட்டிக் கிடப்பது. வேர் அதை எளிதில் தொடாது. நிக்கல்தான் கவனிக்க வேண்டியது. சாதாரண மண்ணில் கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம் இருக்கும் நிக்கல், இங்கே ஆயிரத்தைத் தாண்டுவது வழக்கம்.

அந்த நிக்கலோடு வாழப் பழகிய செடிகளைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கக் கூடாதா? இத்தாலியின் டஸ்கனியில் செர்பென்டைன் மேல் வளரும் ஓர் அலிசம் செடியின் உலர்ந்த இலையில் ஏறத்தாழ ஒரு சதவீதம் நிக்கல் இருப்பதை 1948-இலேயே கண்டறிந்தார்கள். பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் ஒரு மரம் உண்டு. அதன் பால் நீலப்பச்சையாக வடியும். உலர்ந்த பாலின் எடையில் கால்பங்கு நிக்கல். 1976-இல் அது உலகத்துக்குத் தெரியவந்தது. போர்னியோ தீவின் கினபாலு மலையில், பிற பாறைகளின் மேல் நெடிதுயர்ந்த காடு நிற்கும் அதே உயரத்தில், இந்த வகைப் பாறைகளின் மேல் மரங்கள் குட்டையாகி நிற்கின்றன. நெபெந்தெஸ் ராஜா என்ற பெருங்குடுவைத் தாவரம் அந்த மண்ணை விட்டு வேறெங்கும் வளர்வதில்லை. அமெரிக்காவின் கிளாமத் மலைகளில் அடர்ந்த ஊசியிலைக் காடு, கோடு கிழித்தாற்போல நின்றுபோய், இடைவெளிவிட்ட ஜெஃப்ரி பைன் மரங்களாக மாறும் இடத்தில்தான் பாறையும் மாறுகிறது. மழை ஒன்று, வெயில் ஒன்று, மண் மட்டும் வேறு. தாவரவியலாளர் ஆர்தர் குரூக்கபெர்க் 1950-களின் தொடக்கத்திலேயே வளர்த்துக் காட்டினார்: ஒரே இனத்துச் செடியானாலும், செர்பென்டைனில் பிறந்த வம்சம் அந்த மண்ணில் நிற்கிறது, வெளியிலிருந்து வந்த வம்சம் வாடுகிறது. ஆகவே எங்கிருந்தோ வாங்கிய கன்றை அங்கே நடுவதைத் திட்டம் என்று அழைக்க என்னால் முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செர்பென்டைன் என்றாலே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), கல்நார் என்றாலே புற்றுநோய் என்று முன்பொரு துணுக்கு வெளியிட்டீர்கள். செர்பென்டைன் கனிமங்களில் நார்போலப் பிரியும் கிரைசோடைல் ஒரு வகை. லிசார்டைட், ஆன்டிகோரைட் என்ற வகைகள் அப்படி நாராவதில்லை. கிரைசோடைல் உள்ள இடத்தில் பாறையை உடைத்துத் தூசி கிளப்புவது கட்டாயம் ஆபத்து, எச்சரிக்க வேண்டியதுதான். அதற்காக மலை முழுவதையும் நோயாளியாக்குவதா? கலிபோர்னியா 1965-இல் செர்பென்டைனைத் தன் மாநிலப் பாறையாக அறிவித்தது. 2010-இல் இதே கல்நார் அச்சத்தைச் சொல்லி அந்தத் தகுதியைப் பறிக்க ஒரு மசோதா வந்தது. நிலவியலாளர்கள் எழுந்து நின்று எதிர்த்தார்கள், மசோதா நிறைவேறவில்லை. நம் பக்கத்தில் அப்படி எழுந்து நிற்க ஒரு பத்திரிகையாவது வேண்டாமா? அது உங்களுடையதாக இருக்கும் என்றுதான் இத்தனை காலம் நம்பிச் சந்தா கட்டிவந்தேன்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழின் திருத்தப் பகுதியில், "செத்த மண்" என்ற சொற்களைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி போடுங்கள். சருகையும் மேல்மண்ணையும் அகற்றக் கூடாது என்று இன்னொரு வரி. டோலமைட் அறிவுரைக்கும் திருத்தம் வந்தால் நல்லது. அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். இக்கடிதத்தை வெளியிடுவதானால், இடம் போதாவிட்டால் என் வருத்தங்களை வெட்டிக்கொள்ளுங்கள். கால்சியம்-மக்னீசியம் பற்றிய பத்தியை மட்டும் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
மண் அளவைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற,
உங்கள் நெடுநாள் வாசகர்