அடுத்த பக்கத்தையும் அனுப்பு, ஐயா

கோவில்பட்டி

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் அக்காவும் பிள்ளைகளும் சுகம். அங்கே உன் சுகம், மருமகள் சுகம், பேரன் சுகம் அறிய ஆவல். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் கடிதம். ஆபீஸ் முகவரிக்கு அனுப்பலாமா என்று நினைத்தேன். நீ ஆபீசுக்குப் போகிறாயோ இல்லையோ, வீட்டுக்கே அனுப்பிவிட்டேன்.

பொங்கலுக்கு வரவில்லை, சித்திரைக் கொடைக்கும் வரவில்லை. மாமா கேட்டதற்கு, என் பையன் அங்கே முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறான், நினைத்த நேரம் கிளம்ப முடியுமா என்று பெருமையாகச் சொன்னேன். பொய்யில்லையே. ஆனால் வீடியோவில் வருவதற்கு என்ன? வந்தாலும் தலையில் தொப்பி. மும்பையில் மே மாசத்தில் அவ்வளவு குளிரா?

பேரன் வரைந்த யானையை மருமகள் அனுப்பியிருந்தாள். ஏதோ அச்சடித்த தாளில், மிச்சம் கிடந்த இடத்தில் வரைந்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் படத்தை அழித்துவிட்டாள். அதற்குள் நாங்கள் பார்த்துவிட்டோம். அம்மாவுக்கு யானை மட்டும்தான் தெரிந்தது. மருமகளை நீ ஒன்றும் சொல்லக் கூடாது. அரசு ஆஸ்பத்திரி லேபில் ஸ்லைடு பார்த்தே தலை நரைத்தவனுக்கு ஒரு பார்வை போதும். எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட். மேலே ஏ.எல்.எல்., அதாவது ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. பக்கத்தில் போஸ்ட் இண்டக்‌ஷன். கீழே பிளாஸ்ட், அதாவது முதிராத கெட்ட செல், 38 சதவீதம். முதல் சுற்று மருந்து முடிந்ததும் அது 5-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். பெயர் போட்டிருக்கும் இடத்தில் தும்பிக்கை இருந்தது. அதனால் அது யாருடைய ரிப்போர்ட் என்று எனக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

வெளியில் பச்சையாக எதையும் சாப்பிடாதே. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடி.

அந்த யாரோ ஒருவருக்காகத்தான் இதையெல்லாம் படித்தேன். ரத்த வெள்ளணுக்களில் பி-செல், டி-செல் என்று இரண்டு வகை உண்டு. நோய் பி-செல் வகை என்றால் மருந்து உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பவாய் ஐஐடியும் பரேல் டாடா மெமோரியலும் சேர்ந்து கொண்டுவந்த நெக்ஸ்கார்19. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று ஜனாதிபதி முர்மு பவாய்க்கு வந்து தொடங்கிவைத்தார். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி-செல் அடங்கிய வெள்ளணுக்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பிவிடுகிறார்கள். அதில் உள்ள டி-செல்லுக்குள், நோய் உண்டாக்காதபடி செய்த ஒரு வைரஸ் மூலமாகப் புது மரபணுவை ஏற்றுகிறார்கள். அதன் பிறகு அது, பி-செல்லின் மேல் இருக்கும் சிடி19 என்ற அடையாளத்தைக் கண்டால் விடாது. பெருக்கி, மறுபடி நரம்பில் ஏற்றிவிடுவார்கள்.

ஏற்றிய பிறகு காய்ச்சல் வரலாம், பிரஷர் இறங்கலாம். அதற்குப் பயந்துவிடக் கூடாது. 2012இல் பிலடெல்பியாவில் எமிலி என்ற ஆறு வயதுப் பெண்ணுக்குத்தான் பிள்ளைகளில் முதன்முதலாக இதைக் கொடுத்தார்கள். வென்டிலேட்டர் வரைக்கும் போய்விட்டாள். மூட்டுவாத மருந்தான டோசிலிசுமாப்பைப் போட்டதும் மீண்டாள். இப்போது அந்த மருந்தைக் கைவசம் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள்.

நெக்ஸ்கார் சோதனையில் நூற்றுக்கு 73 பேருக்கு மருந்து கேட்டிருக்கிறது. மீதி 27 பேர் என்னப்பா ஆனார்கள் என்று நீ கேட்பாய். மார்க் ஷீட் வாங்கி வந்தாலும் போன மார்க்கைத்தான் முதலில் எண்ணுவாய். இந்த ஒரு தடவை வந்த மார்க்கைப் பார்.

டி-செல் வகை என்றால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே நோயும் டி-செல், மருந்தும் டி-செல். டி-செல்லின் மேல் இருக்கும் சிடி7 என்ற அடையாளத்தைத் தாக்கு என்று சொல்லி அனுப்பினால், துவாரகை யாதவர்கள் செய்த மாதிரி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மாயும். இதற்கு லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஆரோக்கியமான வேறொருவரின் டி-செல்லை வாங்குகிறார்கள். டிஎன்ஏவின் இரண்டு இழையையும் துண்டாக்காமல், வேண்டிய இடத்தில் சி என்ற எழுத்தை டி என்று மாற்றுகிறார்கள். அதில் மூன்று காரியம் நடக்கிறது. சிடி7 போய்விடுவதால் தமக்குள் சண்டை இல்லை. எதிரியை அடையாளம் காணும் டி-செல்லின் சொந்த ஏற்பி போய்விடுவதால் வாங்கிக்கொண்டவர் உடம்பைத் தாக்காது. சிடி52 போய்விடுவதால், எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் மருந்து இதைக் கொல்லாது. கடைசியில்தான் சிடி7-ஐத் தேடும் மரபணுவை ஏற்றுகிறார்கள். நான் லேபில் இருந்த காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2022 மே மாதம் லெஸ்டர் ஊரைச் சேர்ந்த அலிசா என்ற 13 வயதுப் பெண்ணுக்கு முதலில் கொடுத்தார்கள். கீமோவும் மஜ்ஜை மாற்று சிகிச்சையும் கைவிட்ட பிள்ளை. 28 நாளில் நோய் கண்ணில் தட்டுப்படவில்லை. பிறகு இரண்டாம் தடவை மஜ்ஜை மாற்றினார்கள். நன்றாக இருக்கிறாள். பெரியவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா எப்போது கூப்பிட்டாலும் மும்பைக்கு வருவேன் என்கிறாள். எதற்கென்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கூடப் பிறந்தவர்களுக்கு மஜ்ஜை பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ரத்த குரூப் வேறாக இருந்தாலும் பரவாயில்லை.

இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாமல் எப்படி இருந்தாய்? ஊரில் யார் யாருக்கோ ரிப்போர்ட் படித்துச் சொன்ன ஆள் நான். சரி, விடு. கூட்டத்துக்குள் போகாதே. லோக்கல் ரயில் வேண்டாம். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், வடிகட்டினால் போதாது.

உளுந்து எடுத்த பிறகு கீழக்காடு சும்மாதான் கிடக்கிறது. ரோட்டோரம் என்பதால் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அமெரிக்காவில் 2017இல் இந்த வைத்தியத்துக்கு 4,75,000 டாலர் விலை வைத்தார்கள். நெக்ஸ்கார் வந்தபோது அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான், நாற்பது லட்சம் ரூபாய் அளவில் இருந்தது. காடு அதற்குக் காணும். நான் சம்பாதித்து வாங்கியது, பட்டா என் பெயரில் இருக்கிறது. கையெழுத்துக்கு நீ வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: அடுத்த பக்கத்தில் மேலே ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று போட்டிருக்கும். டி-யா பி-யா என்பது அதில்தான் இருக்கும். படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. குடும்பக் குரூப்பில் போட்டுவிடாதே.