சிவப்பு மணி

அன்புள்ள சேது,

எட்டு மாதங்களாகப் பதில் எழுதாததற்கு வேலையைக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதால் சொல்லவில்லை. வீட்டில் அனைவரும் நலம். ஆற்று மணல் எப்படி நகர்கிறது என்று நாம் கட்டிய பந்தயத்தில் என் தோல்வியை ஒப்புக்கொள்ளத்தான் இக்கடிதம்.

நீரோட்டம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஆற்றுப் படுகை முழுதும் நகரும், தாண்டாவிட்டால் ஒரு மணல் மணியும் அசையாது என்று நான் விடிய விடியச் சாதித்ததும், "மணல் என்ன, அணிவகுத்து நிற்கும் சிப்பாயா?" என்று நீ சிரித்ததும் நினைவிருக்கிறதா? போன வாரம் கண்ணாடிச் சுவர் கொண்ட சோதனைக் கால்வாயில் ஐந்து மில்லிமீட்டர்ப் பருக்கை ஒன்றுக்குச் சிவப்புச் சாயம் பூசிவிட்டு, எதிரே உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் அது தன் குழிக்குள்ளேயே நடுங்கிக்கொண்டிருந்தது; திடீரென்று முன்னாலிருந்த கல்லின் மேல் ஏறிப் புரண்டு, இரண்டு முறை தாவி, ஒரு சாண் தூரத்தில் இரு பெரிய கற்களுக்கிடையே ஒடுங்கியது. பக்கத்திலிருந்தவை அசையவில்லை. நீரின் அளவை நான் தொடவே இல்லை.

சராசரி வேகம் மாறாவிட்டாலும், கொந்தளிப்பில் அடித்தளத்தை வந்து தாக்கும் கணநேர வீச்சுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன; மணி எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. ஆய்வாளர் ஷீல்ட்ஸ் 1936இல் தந்த, மணி நகரத் தொடங்கும் வரம்பை, அதாவது நீர் படுகையை இழுக்கும் விசையை மணியின் மூழ்கிய எடையோடு ஒப்பிடும் எண்ணை, நான் லட்சுமணன் கோடாகவே வைத்திருந்தேன். பருமணலுக்கும் கூழாங்கல்லுக்கும் அது பெரும்பாலும் 0.03க்கும் 0.06க்கும் இடையே ஊசலாடுகிறது என்பதே என்னை எச்சரித்திருக்க வேண்டும். பெரிய ஐன்ஸ்டைனின் மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட், 1937இலேயே சூரிச்சில், மணியின் பயணத்தைச் சிறு தாவல்களும் நீண்ட ஓய்வுகளும் கலந்த தற்செயல் நிகழ்வாகக் கணக்கிட்டுவிட்டார். அதை நீ எனக்குப் படிக்கக் கொடுத்தாய். நான் திருப்பித் தரவும் இல்லை, படிக்கவும் இல்லை.

கேலி இருக்கட்டும், ஒரு விஷயம் உறுத்துகிறது. பெரிய கற்களின் மறைவில் சிறு மணிகள் தங்கிவிடுவதைக் கணக்கில் எடுக்காமல், எல்லாம் ஒரே பருமன் என்று வைத்து எத்தனை அறிக்கைகளில் கையெழுத்திட்டிருக்கிறேன்! பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கணக்கிடுகிறேன். உன் கண்ணும் அவற்றின் மேல் பட வேண்டும்.

நீரை வடித்த பின் சிவப்பு மணியைத் தேடினேன். மேலே காணோம், வந்து சேர்ந்த மற்ற மணிகளுக்கடியில் விரற்கடை ஆழத்தில் புதைந்து கிடந்தது. உறையில் வைத்திருக்கிறேன். பந்தயப் பணத்துக்கு ஈடாக வைத்துக்கொள்.

உன்,
வாசு