பதினொரு இடமெல்லாம் ஆகாது, சுந்தர்

அன்புள்ள சுந்தர்,

மூன்று மாதமாக எழுதாததற்கு நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இப்போதைக்கு உன் லண்டன் பட்டியல்தான் தலைபோகிற விஷயம். இரண்டு நாளில் பதினொரு இடம்! அதில் மெழுகு பொம்மை மியூசியம் வேறு. பஞ்சு மகாபலிபுரத்தை நாற்பது நிமிஷத்தில் 'முடித்தானே', அப்படி லண்டனை முடிப்பதற்கு நீ மான்செஸ்டரை விட்டுக் கிளம்பவே வேண்டாம். பட்டியலில் ஏழு இடத்தை அடித்துவிட்டேன். மிச்சத்துக்கு ஏற்பாடு கீழே.

அட்வான்ஸ் டிக்கெட் மலிவுதான், ஆனால் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். விட்டால் புதிதாக வாங்க வேண்டியதுதான். ஞாயிறு திரும்புவதற்கு எடுக்கும் முன், நீ வந்து இறங்கும் யூஸ்டன் ஸ்டேஷன் பாதையில் அன்று தண்டவாள வேலை இருக்கிறதா என்று பார்த்துவிடு. இந்த ஊரில் பராமரிப்பு எல்லாமே வார இறுதியில்தான். இரண்டு மணி நேரத்துச் சொச்சப் பயணத்தில் பாதி பஸ்ஸாகிப் போகும். மெட்ரோவிலும் இதே தொல்லை உண்டு. வெள்ளி ராத்திரி எந்தெந்த லைன் மூடல் என்று பார்த்துச் சொல்கிறேன்.

சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். மியூசியத்தில் உள்ளே விடமாட்டார்கள். தோள்பை போதும்.

அடுத்தது, மெட்ரோவிலும் பஸ்ஸிலும் டிக்கெட்டுக்குப் பதிலாகத் தட்டும் வங்கிக் கார்டு. இதில் கோட்டை விட்டாயானால் தாம்பரத்தில் மாட்டிக்கொண்ட கதைதான் மறுபடியும். ஏறும் ஸ்டேஷனில் எதைத் தட்டினாயோ இறங்கும் ஸ்டேஷனிலும் அதையே தட்டு. போனில் இருப்பது அதே வங்கிக் கார்டுதானே என்று நினைப்பாய். மெஷினுக்கு அவை இரண்டும் வேறு வேறு. போனில் தட்டி ஏறி பிளாஸ்டிக்கில் தட்டி இறங்கினால் இரண்டு அரைகுறைப் பயணமாகி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் போகும். ஒரே கார்டாக இருந்தால் ஒரு அளவுக்கு மேல் அன்றைக்குக் காசு எடுக்காது. ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒரே கார்டில் இருவர் போக முடியாது. பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், இறங்கும்போது வேண்டாம். 2014 முதல் பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை, சில்லறை மூட்டையை வீட்டிலேயே வை.

சனிக்கிழமை யூஸ்டனில் இறங்கியதும் வண்டி எதுவும் ஏறாதே. பக்கத்து டிரம்மண்ட் தெருவில் நம்மூர்ச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, மதியத்துக்கு அங்கே திரும்பலாம். முதலில் தெற்கே நட. டாவிஸ்டாக் சதுக்கத்தில் காந்தி சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், 1968இல் வைத்த சிலை. அதைத் தாண்டி ரஸ்ஸல் சதுக்கத்தின் ஓரம், லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயஸ் (SOAS) கல்லூரி வாசலில் யார் தெரியுமா? வள்ளுவர். 1996இலிருந்து அங்கேதான் இருக்கிறார். ராகவன் சார் சார்பில் ஒரு குறளாவது சொல்லிவிட்டு வா, தப்பில்லாமல். அங்கிருந்து இரண்டு நிமிஷத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தின் பின்வாசல், மாண்டேகு பிளேஸ். எல்லாரும் முன்வாசலில் வரிசை கட்டுவார்கள், இங்கே கூட்டம் குறைவு. நுழைவு இலவசம்.

ரொசெட்டா கல்லைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நேராக 33ஆம் அறைக்குப் போ, அதன் ஓரத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் 33அ. அமராவதி பௌத்த ஸ்தூபத்தின் சிற்பங்கள் அங்கேதான். எழும்பூர் மியூசியத்தில் சுவரில் பதித்திருந்ததே, அதே ஸ்தூபத்தின் மற்ற பாதி. 1845இல் வால்டர் எலியட் என்ற வெள்ளைக்கார அதிகாரி தோண்டி மெட்ராஸுக்கு அனுப்பினார் (எலியட்ஸ் பீச் எலியட் வேறு ஆள், ஆரம்பிக்காதே). அங்கே வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859இல் கப்பலேறி, இங்கே வந்தும் ஒரு வண்டிக் கொட்டகையில் முடங்கி, 1880இல்தான் மியூசியத்துக்கு வந்தன. சுண்ணாம்புக் கல் என்பதால் நகரத்துக் காற்றும் ஈரமும் அரித்துவிடும், அதற்குத்தான் கண்ணாடி. 'திருப்பிக் கொடு' என்று கத்த வாய் வரும், எனக்கும் வரும். ஆனால் எந்த ஊருக்கு? கிருஷ்ணா கரையில் மிஞ்சியிருப்பது ஒரு மேடு. ஒரே கதையின் பாதி எழும்பூரில், பாதி இங்கே. நாம் எழும்பூருக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போனபோது திமிங்கல எலும்பை நின்று பார்த்தோம். இந்தக் கற்களுக்கு முன்னால் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

சாயங்காலம் ஆற்றுப்பக்கம், அதுவும் நடைதான். கோவென்ட் கார்டனுக்கு லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து மெட்ரோ ஏறுகிறவனைப் பார்த்தால் சிரித்துவிடு. இரண்டுக்கும் நடுவே 260 மீட்டர்தான், மேலே வர லிஃப்டுக்கு நிற்க வேண்டும், படியில் வந்தால் 193. தேம்ஸின் மேல் இருக்கும் மில்லெனியம் நடைப்பாலத்தை உனக்காக வைத்திருக்கிறேன், சிவில் படித்தவனே. 2000 ஜூனில் திறந்து இரண்டே நாளில் மூடினார்கள். லேசாகப் பக்கவாட்டில் ஆடியதும் நடப்பவர்கள் காலை அகட்டி ஆட்டத்தோடு சேர்ந்து நடக்க, ஆட்டம் இன்னும் கூடியது. 2002இல் அதிர்வுத் தணிப்பான்களோடு மறுபடி திறந்தார்கள். அவை பாலத்துக்கு அடியில் இருக்கின்றன, கரையிலிருந்தே தெரியும்.

ஞாயிறு கிரீனிச், தீர்க்கரேகையின் பூஜ்ஜியக் கோடு ஓடும் வானாய்வகம் இருக்கும் இடம். இதில் மட்டும் பேரம் கிடையாது. நான் இருக்கும் ஈஸ்ட் ஹாமிலிருந்து பதினொன்றுக்குக் கிளம்பணும். மூன்றாவது ஸ்டேஷன் வெஸ்ட் ஹாம், அங்கே ஜூபிலி லைன் மாறி கேனரி வார்ஃப். நடுவில் 'நார்த் கிரீனிச்' வரும், இறங்கித் தொலைக்காதே, நாம் போகிற இடம் அது இல்லை. கேனரி வார்ஃபில் வெளியே வந்து ஹெரான் கீஸில் டி.எல்.ஆர். என்கிற குட்டி ரயில் ஏறணும். ஓட்டுநர் கிடையாது, முதல் சீட்டைப் பிடி. பல ஸ்டேஷன்களில் தடுப்புக் கதவும் கிடையாது, அதனால் தட்ட மறந்துபோகும். மறக்காதே. ஐலண்ட் கார்டன்ஸில் இறங்கி, தேம்ஸுக்கு அடியில் 1902இல் திறந்த நடைச் சுரங்கம், 370 மீட்டர். வடக்கு முனையில் திடீரென்று குறுகும். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து உடைந்த இடத்தில் உள்ளே இரும்புச் சுற்று போட்டதால் அப்படி.

மேலே வந்து, பூங்கா மேட்டில் ஏறி, 12.50க்குள் நின்றுவிடணும். வானாய்வகக் கூரையில் சிவப்புப் பந்து 12.55க்குப் பாதி ஏறும், 12.58க்கு உச்சி, சரியாக 1 மணிக்கு விழும். ஆற்றில் நின்ற கப்பல்கள் கடிகாரம் திருத்துவதற்காக 1833இல் ஆரம்பித்தது. ஏன் 12 இல்லை? நண்பகலில் ஆய்வாளர்கள் சூரியனை அளந்துகொண்டிருப்பார்கள். காற்று பலமாக இருந்தால் ஏற்றமாட்டார்கள், அன்றைக்கு நம் அதிர்ஷ்டம். வாசல் சுவரில் 24 மணி முகமுள்ள கடிகாரம். ஜூனில் அது ஊருக்கெல்லாம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும், கோடைக்காலத்துக்கு முள்ளைத் திருப்புவதில்லை. உன் ஞாபகம்தான் வரும்.

பூஜ்ஜியக் கோட்டில் நின்று போனைத் திற, பூஜ்ஜியம் காட்டாது. கிழக்கே 102 மீட்டர் நடந்தால்தான் காட்டும். பழைய தொலைநோக்கியை அந்த இடத்து ஈர்ப்பு காட்டிய செங்குத்தை வைத்து நிறுத்தினார்கள், செயற்கைக்கோள் பூமியின் மையத்திலிருந்து கணக்கிடுகிறது. இரண்டும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை.

இந்தக் கோட்டிலிருந்து 5 மணி 21 நிமிஷம் முன்னால் இருந்தது மெட்ராஸ் நேரம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் கணித்தது. 1906இல் ஐந்தரை மணி நேரம் முன்னால் என்கிற பொது இந்திய நேரம் வரும்வரை இந்தியாவின் ரயில்கள் நம்ம மணியில்தான் ஓடின. அந்த வானாய்வகத்தின் 1792ஆம் வருஷத்துக் கருங்கல் தூண் காலேஜ் ரோட்டு வளாகத்தில் இன்னும் நிற்கிறது, தமிழிலும் எழுதியிருக்கிறது. இங்கே கோட்டின்மேல் காலை அகட்டி நின்று படம் எடுக்க வரிசை. அங்கே? பஞ்சு வீட்டிலிருந்து பத்து நிமிஷம்தானே, ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல். மேட்டில் நின்று பார்ப்போம்.

எந்த வண்டி என்று நாளைக்குள் எழுது. மெழுகு பொம்மைக்கு இன்னும் ஆசை இருந்தால் என் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டுகிறேன், இலவசம்.

உன்
மணி